பட்டவராயனைக் கொன்றது விதியா?

ஆடி அமாவாசை வந்தால் நெல்லை, தென்காசி, தூத்துக்குடி, குமரி மாவட்டத்துச் சனங்கள் மூட்டை முடிச்சோடு பாபநாசம் மலை ஏறுகிறார்கள். காரையாற்றுப் பக்கம் தாமிரபரணிக் கரையில் சொரிமுத்து அய்யனார் கோயில் இருக்கிறது. அய்யனாரைக் கும்பிட்டுவிட்டு அங்கேயே இருக்கும் பட்டவராயன் சன்னதிக்கு வருகிறவர்கள் ஒரு விசேஷமான காணிக்கையைக் கொண்டுவருகிறார்கள். அது தோல் செருப்பு. வேண்டுதல் நிறைவேறியவர்கள் புதுச் செருப்பு வாங்கிவந்து சாமிக்குக் கட்டுகிறார்கள். எல்லாச் சாதிக்காரர்களும் கட்டுகிறார்கள்.

செருப்புப் போட்டு ஊர்த் தெருவில் நடந்ததற்காக அடிபட்டவர்களின் பிள்ளைகள் நாம். ஆதிக்க சாதித் தெருவைக் கடக்கும்போது செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்த தாத்தாக்கள் நம் குடும்பங்களில் உண்டு. அந்தச் செருப்பு ஒரு சன்னதியில் காணிக்கை ஆனது எப்படி? அதைத் தெரிந்துகொள்ள பட்டவராயன் என்று இன்று வணங்கப்படும் முத்துப்பட்டனின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள வேண்டும். கொடைகளில் வில்லடித்துப் பாடுகிறவர்கள் அந்தக் கதையைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். நாங்குநேரியில் பிறந்த ஆராய்ச்சியாளர் நா. வானமாமலை பாடலைப் பதிப்பித்து ஆராய்ந்தார். மதுரைப் பல்கலைக்கழகம் 1971-ல் அதை நூலாக வெளியிட்டது.

கதைப்பாடல் சொல்லும் காலம் பாளையங்களும் ஜமீன்களும் இருந்த காலம். தாமிரபரணிக் கரையில் உள்ள ஆரியநாயகிபுரம் என்ற ஊரில் ஒரு பிராமணக் குடும்பத்தில் கடைக்குட்டியாகப் பிறந்தவர் முத்துப்பட்டன். மூத்த அண்ணன்மார் பலர். வேதம் படித்தவர், அறிவாளி, அழகர் என்றெல்லாம் பாடல் அவரைப் புகழ்கிறது. ஆனால் வீட்டுக்கு அடங்கிய பிள்ளையாக அவர் இல்லை. அண்ணன்மாரோடு ஒத்துப்போகாமல் வீட்டை விட்டுக் கிளம்பி, மலைக்கு மேற்கே கொட்டாரக்கரைக்குப் போய் அங்கிருந்த அரசனிடம் வேலைக்குச் சேர்ந்தார்.

இது அவர் எடுத்த முதல் முடிவு. படித்த பிராமணப் பிள்ளைக்கு ஊரில் நிலமும் மரியாதையும் இருந்தன. அவற்றை விட்டுவிட்டு வேற்று ஊரில் கூலிக்கு நிற்க அவரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. சில காலம் கழித்து அண்ணன்மார் தேடிவந்து, ஊருக்குத் திரும்பலாம், கல்யாணம் செய்துவைக்கிறோம் என்று சமாதானம் பேசி அழைத்துக்கொண்டு கிளம்பினார்கள். திரும்பும் வழி மலை வழி. சொரிமுத்தையன் கோயில் பக்கம் வந்தபோது பட்டன் ஆற்றுத்துறையில் பின்தங்கினார். அண்ணன்மார் முன்னே போய்விட்டார்கள்.

அந்தத் துறையில்தான் பாட்டுச் சத்தம் கேட்டது. பாடியவர்கள் பொம்மக்கா, திம்மக்கா என்ற அக்கா தங்கச்சி. அந்த மலையடிவாரத்தில் மாட்டுக் கிடையைக் காவல் காத்துவந்த வாலப்பகடையின் மகள்கள். இன்று அருந்ததியர் என்று நாம் சொல்லும் சமூகம் அவர்களுடையது. பகடை என்பது நெல்லைச் சீமையில் அந்தச் சமூகத்து ஆண்களுக்கு வழங்கிய பெயர்.

பட்டன் அவர்களைத் தேடிப் போனார். அந்நிய ஆண் ஒருவன் பின்னால் வருவதைப் பார்த்த பெண்கள் பயந்து வீட்டுக்கு ஓடினார்கள். பாடல் இந்த இடத்தில் பொய் சொல்லவில்லை. கண்டதும் காதல் என்று இரண்டு பக்கத்துக்கும் எழுதிவைக்கவில்லை. காதல் முதலில் பட்டன் பக்கம் மட்டும்தான். பெண்கள் பக்கம் பயம். மேல்சாதிக்காரன் ஒருவன் காட்டு வழியில் நம் வீட்டுப் பெண்களைத் துரத்தினால் அதற்கு என்ன அர்த்தம் என்பது அவர்களுக்கும் தெரியும், அவர்களைப் பெற்றவருக்கும் தெரியும்.

வாலப்பகடை ஆயுதத்தோடு புறப்பட்டு வந்தார். வெட்டிப்போட வந்தவர் கண்டது, மயங்கிக் கிடந்த ஒரு பிராமண இளைஞனை. தெளிந்து எழுந்த பட்டன் பயந்து ஓடவில்லை. பெண் கேட்டார்.

வாலப்பகடை வைத்த நிபந்தனை

இந்தக் கதையில் நாம் நின்று கவனிக்க வேண்டிய மனிதர் வாலப்பகடை. ஒரு பிராமணன் தன் மகள்களைக் கல்யாணம் செய்யக் கேட்கிறான் என்றதும் அவர் பெருமைப்படவில்லை, நெகிழ்ந்துபோகவும் இல்லை. நாங்கள் செத்த மாட்டை அறுக்கிறவர்கள், தோல் வேலை செய்கிறவர்கள், எங்களுக்கும் உங்களுக்கும் ஒத்துவராது என்று எடுத்துச் சொன்னார். பட்டன் விடவில்லை. அதன் பிறகு வாலப்பகடை ஒரு நிபந்தனை வைத்தார். பூணூலை அறுக்க வேண்டும், குடுமியை எடுக்க வேண்டும், தோல் வேலை பழகிச் செருப்புத் தைக்க வேண்டும், எங்களில் ஒருவனாக ஆகி வர வேண்டும். முதலில் போய் உன் அண்ணன்மாரிடம் சொல்லிவிட்டு வா என்றும் சேர்த்துச் சொன்னார்.

இந்த நிபந்தனைக்குள் ஒரு தகப்பனின் அனுபவம் இருக்கிறது. ஆசை தீர்ந்ததும் தன் தெருவுக்குத் திரும்பிப் போய்விடுகிற மேல்சாதி ஆண்களை அந்தச் சமூகம் பார்த்திருக்கிறது. திரும்பிப் போக வழி இல்லாதவன் மட்டும்தான் என் மகள்களோடு நிற்பான் என்று வாலப்பகடை கணக்குப் போட்டிருக்கிறார். பத்திரமும் பதிவும் இல்லாத காலத்தில் அவர் கேட்ட பத்திரம் அது. பெண்ணை மேலே ஏற்றிக்கொள்கிறேன் என்று வருகிறவர்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். நீ கீழே இறங்கி வா என்று கேட்ட தகப்பன் தமிழ்க் கதைகளில் அபூர்வம். அவர் விதியை நம்பி உட்கார்ந்திருந்தால் இப்படிக் கேட்டிருக்க மாட்டார்.

கல் அறையும் செருப்பும்

பட்டன் அண்ணன்மாரிடம் போனார். மறைக்காமல் சொன்னார். அவர்கள் முதலில் புத்தி சொன்னார்கள். பிறகு கோபப்பட்டார்கள். கடைசியில் அவரைக் கல் அறைக்குள் தள்ளி அடைத்துவிட்டார்கள். அடைத்துப் போட்டால் மனசு மாறும் என்பது அன்றைய குடும்ப நியாயம். இன்றும் பல வீடுகளில் அதே நியாயம்தான் நடக்கிறது. கல் அறைக்குப் பதிலாக வேறு ஊரில் இருக்கும் சொந்தக்காரர் வீடு, பிடுங்கி வைக்கப்பட்ட செல்போன், அவசரமாகப் பார்க்கப்படும் மாப்பிள்ளை.

பட்டன் அந்த அறையிலிருந்து தப்பி வெளியே வந்தார். வந்தவர் பூணூலை அறுத்தார். குடுமியை எடுத்தார். தோலைப் பதமாக்கவும், வாரைக் கிழிக்கவும், செருப்புத் தைக்கவும் பழகினார். மந்திரம் சொல்லிப் பழகிய வாயும் பூ எடுத்துப் பழகிய கையும் உள்ள ஒருவருக்கு இது லேசான காரியம் இல்லை. ஊறவைத்த தோலின் வாடை எப்படி இருக்கும் என்பது அந்த வேலை செய்தவர்களுக்குத் தெரியும். தான் தைத்த செருப்போடு அவர் வாலப்பகடை முன் வந்து நின்றார்.

காதலுக்காக உயிரைக் கொடுத்தவர்கள் என்று பல பேரைச் சொல்வார்கள். காதலுக்காகச் சாதியைக் கொடுத்தவர்கள் குறைவு. உயிரைக் கொடுக்க ஒரு நிமிஷம் போதும். சாதியைக் கொடுக்கத் தினமும் காலையில் எழுந்து தோலின் முன் உட்கார வேண்டும். சன்னதியில் நாம் காணும் செருப்பு அந்த உழைப்புக்கு அடையாளம்.

வாலப்பகடை சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பந்தல் போட்டு, சொந்த பந்தம் கூடி, பொம்மக்காவையும் திம்மக்காவையும் பட்டனுக்குக் கல்யாணம் செய்துவைத்தார்.

கல்யாண இரவு

அந்தச் சந்தோஷம் ஓர் இரவுகூட முழுசாக நீடிக்கவில்லை என்கிறது பாடல். கல்யாண இரவில் பட்டன் கெட்ட கனவு கண்டு விழித்தார். மாடு கவர வந்த கூட்டம் கிடையில் புகுந்துவிட்டது என்று சேதி வந்தது. புது மாப்பிள்ளை போக வேண்டாம் என்று தடுத்தும் கேளாமல், ஆயுதம் எடுத்துக்கொண்டு பட்டன் கிளம்பினார். அவரோடு ஒரு நாயும் போனது.

கூட்டத்தை எதிர்த்து நின்று வெட்டி விரட்டினார். மாடுகளை மீட்டார். உடம்பில் பட்ட ரத்தத்தைக் கழுவ ஆற்றில் இறங்கியபோது, ஒளிந்திருந்த ஒருவன் பின்னாலிருந்து குத்தினான். பட்டன் அங்கேயே விழுந்தார். நாய் ஓடிவந்து வீட்டாருக்குச் சேதி சொன்னது. பொம்மக்காவும் திம்மக்காவும் ஓடிப்போய்ப் புருஷனின் உடலைக் கண்டார்கள். பிறகு சிங்கம்பட்டி ஜமீனிடம் போய், தீ மூட்டிச் சாக அனுமதி கேட்டார்கள். அவர் தடுத்துப் பார்த்தும் கேட்கவில்லை என்றும், பட்டனின் சிதையிலேயே இருவரும் விழுந்தார்கள் என்றும் பாடல் முடிகிறது. இறந்த மூவரும் சொரிமுத்தையன் கோயிலில் தெய்வமாக நின்றார்கள்.

இந்தக் கடைசிப் பகுதியைப் புகழ நம்மால் முடியாது. உடன்கட்டை என்ற கொடுமையை வங்காளத்தில் 1829-லும் சென்னை மாகாணத்தில் 1830-லும் சட்டம் போட்டுத் தடை செய்தார்கள். கதையில் பொம்மக்கா, திம்மக்காவின் விருப்பத்துக்கு இடம் மிகக் குறைவு. கல்யாணத்தைத் தகப்பன் முடிவு செய்தார். சாவை ஊர் வழக்கம் முடிவு செய்தது. அவர்கள் பாடிய பாட்டு ஒன்றுதான் அவர்களாகச் செய்தது. நாம் மெச்ச வேண்டியது அந்தப் பாட்டை. தீயை நாம் பாராட்டக் கூடாது.

விதி எங்கே நுழைகிறது?

இனி தலைப்பில் உள்ள கேள்விக்கு வருவோம். கெட்ட கனவு, தடுத்த மனைவியர், கேளாமல் போன மாப்பிள்ளை என்று பாடல் அடுக்கும்போது, கேட்கிறவர்கள் விதி வலியது என்று பெருமூச்சு விடுகிறார்கள். ஆனால் நடந்ததை வரிசையாகப் பாருங்கள். வீட்டை விட்டுப் போனது பட்டன் எடுத்த முடிவு. பெண் கேட்டது அவர் முடிவு. நிபந்தனை வைத்தது வாலப்பகடை. கல் அறையில் அடைத்தது அண்ணன்மார். பூணூலை அறுத்தது பட்டனின் கை. மாடு கவர வந்தது ஒரு கூட்டம். பின்னாலிருந்து குத்தியது ஒரு மனிதன். இதில் விதி செய்த காரியம் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள் இருக்கிறார்.

அவர் செத்த விதத்தையும் யோசிக்க வேண்டும். ஆரியநாயகிபுரத்துப் பிராமணனாக இருந்திருந்தால் நடுராத்திரி கிடைக்குக் காவல் போயிருக்க மாட்டார். மாட்டைக் காப்பதும் அதற்காகச் சாவதும் பகடை வீட்டு ஆண்களுக்கு விதிக்கப்பட்ட வேலை. அந்த வீட்டுக்கு மருமகனாக வந்தவர் அந்த வீட்டு ஆபத்தையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டார். கல்யாண நாள் என்று சாக்குச் சொல்லி அவர் வேறு யாரையும் அனுப்பவில்லை. சாதியை விட்டுவிட்டேன் என்று வாயால் சொன்னவருக்கு அந்த இரவுதான் பரீட்சை. அவர் தேறினார்.

விதி இன்னொரு வாசல் வழியாகவும் இந்தக் கதைக்குள் நுழைந்திருக்கிறது. கதையின் சில வடிவங்களில் பொம்மக்காவும் திம்மக்காவும் வாலப்பகடை பெற்ற பிள்ளைகள் இல்லை, பிராமண வயிற்றில் பிறந்து காட்டில் கிடந்தவர்கள், பகடை எடுத்து வளர்த்தார் என்று வருகிறது. இது பிற்காலத்தில் சேர்க்கப்பட்டது என்று நா. வானமாமலை எடுத்துக்காட்டினார். இந்தச் சேர்க்கை என்ன செய்கிறது என்று பாருங்கள். பிராமணன் பிராமணப் பெண்களைத்தான் கட்டினான், ரத்தம் ரத்தத்தைத் தேடிப் போனது, எல்லாம் முன்பே எழுதிவைத்தது என்று ஆகிவிடுகிறது. பட்டன் அறுத்த பூணூலைக் கதைக்காரர்கள் மறுபடியும் முடிந்துவைத்துவிட்டார்கள். வாலப்பகடையின் தகப்பன் உரிமையும் பறிபோகிறது.

இது ஒரு கதையோடு நிற்கவில்லை. மதுரைவீரனை அருந்ததியர் வீட்டில் வளர்ந்தவன் என்று சொல்லும் கதை, அவன் காசி ராஜாவின் மகன், கொடி சுற்றிப் பிறந்ததால் சோதிடர் சொல்லைக் கேட்டுக் காட்டில் விடப்பட்டவன் என்று தொடங்குகிறது. பொம்மண நாயக்கன் மகள் பொம்மியை அவன் காதலித்ததற்கு ராஜ ரத்தம் காரணமாகிவிடுகிறது. 1956-ல் எம்.ஜி.ஆர். நடித்த படமும் அந்தப் பிறப்புக் கதையையே ஊர் ஊராகக் கொண்டுபோனது. ஆரியமாலை என்ற பிராமணப் பெண்ணை விரும்பிய காத்தவராயன் கழுமரம் ஏறியதற்கு, கைலாயத்தில் கிடைத்த சாபம் காரணம் என்கிறது அவனுடைய கதை. தலித் வீட்டுப் பிள்ளை சாதி தாண்டிக் காதலித்தான் என்று நேராகச் சொல்ல முடியாத இடத்தில் எல்லாம் ஒரு சாபமோ, ஒரு சோதிடமோ, ஒரு பிறப்பு ரகசியமோ வந்து உட்கார்ந்துகொள்கிறது. அப்படி உட்கார்ந்தவுடன் கழுமரம் நட்டவன் பெயரும், வெட்டச் சொன்னவன் பெயரும் மறைந்துபோகின்றன.

நமக்கு இதில் என்ன வேலை?

பழைய கதையை இவ்வளவு கிளறுவதற்குக் காரணம் உண்டு. சாதி தாண்டிக் காதலித்த பிள்ளைகள் வெட்டப்பட்ட, தண்டவாளத்தில் கிடந்த செய்திகளை இந்தச் சீமையிலும் தமிழ்நாட்டின் மற்றப் பக்கங்களிலும் நாம் தொடர்ந்து படித்துவருகிறோம். ஒவ்வொரு முறையும் துக்க வீட்டில் ஒரு பேச்சு எழுகிறது. அவன் நேரம் சரியில்லை, அவள் ஜாதகம் அப்படி, எழுதினபடிதான் நடக்கும் என்கிறார்கள். ஆறுதலுக்குச் சொல்லும் பேச்சுதான். ஆனால் அந்தப் பேச்சு காவல் நிலையம்வரை போய், சாட்சி சொல்ல வேண்டியவரின் வாயை அடைத்துவிடுகிறது. விதியின் மேல் யாரும் வழக்குப் போட முடியாது. ஆள் மேல் போடலாம்.

சட்டம் விதியை நம்பவில்லை. வயது வந்த இருவர் தாங்களாகத் துணையைத் தேர்ந்தெடுத்தால் அதில் தலையிடக் குடும்பத்துக்கோ ஊர்க் கூட்டத்துக்கோ உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சக்தி வாகினி வழக்கில் தீர்ப்பளித்தது. மிரட்டலுக்கு ஆளாகும் ஜோடிகளுக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும், தங்க இடம் கொடுக்க வேண்டும், அதற்கென்று மாவட்டங்களில் தனிப்பிரிவு வேண்டும் என்றும் அரசுகளுக்குச் சொன்னது. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது நிறைந்திருந்தால் 1954-ம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் பதிவு செய்யலாம். புரோகிதர் இல்லாமலே மாலை மாற்றிச் செய்யும் சுயமரியாதைத் திருமணம் தமிழ்நாட்டில் 1967-ல் சட்டப்படி செல்லுபடியாக்கப்பட்டது. கலப்புத் திருமணம் செய்தவர்களுக்கு டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி நினைவுத் திட்டத்தில் அரசு உதவி இருக்கிறது. கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் இவற்றைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். பெற்றவர்களும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

பெற்றவர்களுக்கு வாலப்பகடையிடம் படிக்க ஒரு பாடம் இருக்கிறது. அவர் மகள்களை அடிக்கவில்லை. கேட்டு வந்தவனை வெட்டவும் இல்லை. என் பிள்ளையோடு நிற்பாயா என்று சோதித்துப் பார்த்தார். அது தகப்பன் செய்ய வேண்டிய வேலை. அண்ணன்மார் செய்தது அடைத்துவைக்கிற வேலை. இன்று ஊர்களில் எந்த வேலை அதிகம் நடக்கிறது என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

வருகிற ஆடி அமாவாசைக்கும் காரையாற்றில் கூட்டம் நிறையும். பட்டவராயன் சன்னதியில் புதுச் செருப்புகள் சேரும். அவற்றைக் கட்டுகிறவர்களில், சாதி தாண்டிக் காதலித்த தன் மகளை வீட்டுக்குள் சேர்க்காத தகப்பனும் இருப்பார். சாமியாகிவிட்ட மருமகனைக் கும்பிடுவது அவருக்குச் சுலபமாக இருக்கிறது, உயிரோடு இருக்கும் மருமகனை வீட்டுக்குள் அழைப்பதுதான் முடியவில்லை. கொடையில் வில்லுப் பாடும் அண்ணாச்சிமாரிடம் நாம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். பொம்மக்காவும் திம்மக்காவும் வாலப்பகடை பெற்ற மகள்கள் என்றே பாடுங்கள். கூட்டத்தில் முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் அதைக் கேட்டு வளரட்டும்.